நஞ்சிலிருந்து வந்த நீரிழிவு மருந்து



வடசென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் என்று ஓரிடம் உண்டு. சுங்கச்சாவடி என்பது அப்பெயரின் பொருள். பெயரில்தான் சுங்கம் எஞ்சியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் அங்கே மெட்ரோ இரயில் நின்று செல்கிறது. துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லாரிகள் அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய லாரி ஒன்றை முப்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் ஒருவன், நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவன். இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டான். ஆயினும் எனக்கு அவன் அவன்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அவனுக்கு நீரிழிவு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பும் வந்து, இதயக் குழாயில் வலைச்சுருள் வைத்திருக்கிறார்கள். உடம்பும் பருத்துவிட்டது. அண்மையில் செய்த சோதனையில் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியிருப்பது தெரிந்ததால், வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றை டாக்டர் எழுதியிருந்தார். பத்து நாளாகியும் அவன் அதை வாங்கவில்லை.

"சார், இது பல்லி விஷத்திலே செய்த மருந்தாமே. லாரி நிற்கிற இடத்திலே எல்லாரும் சொல்கிறார்கள். நம்ம உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டான்.

நான் வைத்தியன் அல்லன். ஆனால் கேட்டவன் என் மாணவன்; கேள்வியோ விஞ்ஞானக் கேள்வி. "ஒரு வாரம் கழித்து வா, படித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததையும், எனக்குத் தெரிந்த இரு டாக்டர்களைக் கேட்டு அறிந்ததையும்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அவனுடைய அச்சத்தில் ஒரு பாதி உண்மை. இந்த வகை மருந்துகளில் முதலாவது உண்மையிலேயே ஒரு பல்லியின் நஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு சொல் சொல்லும் பல்லி அன்று. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்திலும் அதையடுத்த மெக்ஸிகோ நாட்டிலும் வாழும் 'கீலா மான்ஸ்டர்' என்னும் பெரிய பல்லி அது. இரண்டடிக்கு உட்பட்ட நீளம், கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்து மணி கோத்தாற்போன்ற தோல், தடித்த வால். அந்த வாலில்தான் அது கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து வேளை நன்றாக உண்டால் அதற்குப் போதும். பாம்பைப் போல் மேல் தாடையில் நச்சுப்பல் அதற்கில்லை. கீழ்த் தாடையில் நஞ்சுச் சுரப்பி இருக்கிறது. கடித்தால் விடாமல் மென்று, பல்லின் பள்ளங்கள் வழியே நஞ்சைக் காயத்துக்குள் இறக்கும்.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? அதை அறிய வேண்டுமானால் முதலில் நம் குடலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, அது இரத்தத்திலுள்ள சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்புகிறது என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே உண்டு. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் அறுபது ஆண்டுக் காலம் மாட்டின் கணையமும் பன்றியின் கணையமுமே உலகத்து நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் அளித்தன. ஆகவே விலங்கிலிருந்து மருந்து என்பது புதிதன்று. இந்த இடத்தில் என் மாணவனுக்கு நான் சொன்னது: "உன் பாட்டி காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களெல்லாம் மாட்டிடம் கடன்பட்டவர்கள்தானப்பா."

1964ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வியப்பான செய்தி உறுதியாயிற்று. ஒரே அளவு சர்க்கரையை ஒருவருடைய இரத்தக் குழாயில் நேராகச் செலுத்தினால் ஓரளவு இன்சுலின் சுரக்கிறது. அதையே வாய்வழி பருகக் கொடுத்தால் மிகுதியாகச் சுரக்கிறது. அப்படியானால் உணவு வந்துவிட்டது என்று குடல் ஏதோ ஒரு வகையில் கணையத்துக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும் அல்லவா? அச்செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களில் ஒன்று ஜி.எல்.பி.–1 என்னும் சிறு புரதம். 1980களில் ஹேபனர், மோய்சோவ், ஹோல்ஸ்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அதன் வடிவையும் தொழிலையும் விளக்கினார்கள். அது சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிறது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போதுதான் அவ்வாறு தூண்டும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்கு 'போதும்' என்ற செய்தியையும் எட்டச் செய்கிறது.

இத்தனை குணமுள்ள பொருளை அப்படியே ஊசியில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் முட்டுக்கட்டை. நம் இரத்தத்தில் உள்ள ஒரு நொதி, இப்புரதத்தின் தலைப்பக்கத்தில் இரண்டாவது அமினோ அமிலத்தை அடுத்து வெட்டிவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்குள் பாதி அழிந்துபோகும். இரண்டு நிமிடம் நிற்கும் மருந்தைக் கொண்டு யாருக்கு வைத்தியம் செய்வது?

இவ்வாறு வழி தெரியாமல் நின்ற வேளையில்தான் பல்லி வருகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் ராஃப்மன் முதலானோர் பல உயிர்களின் நஞ்சுகளை ஆராய்ந்தபோது, கீலா மான்ஸ்டரின் நஞ்சு கணையத்தின் உயிரணுக்களைப் பலமாகத் தூண்டுவதைக் கண்டிருந்தார்கள். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் ஜான் எங் என்னும் டாக்டர் பணியாற்றிவந்தார். அவர் பணியாற்றியது ராசலின் யாலோ அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில். இரத்தத்திலுள்ள மிகச் சிறு அளவு இன்சுலினையும் அளக்கும் முறையைக் கண்டதற்காக 1977இல் நோபெல் பரிசு பெற்றவர் அந்த அம்மையார். எங் புதிய ஹார்மோன்களைத் தேடிக்கொண்டிருந்தார். பல்லியைப் பிடிக்க அவர் பாலைவனத்துக்குச் செல்லவில்லை. உலர்த்திய நஞ்சை அஞ்சல் வழியாக வரவழைத்து ஆராய்ந்தார். 1992இல் அதிலிருந்து 'எக்ஸென்டின்–4' என்னும் பொருளை எடுத்து அறிவித்தார்.

அதில் 39 அமினோ அமிலங்கள். அது ஏறத்தாழப் பாதிக்கு நம் ஜி.எல்.பி.–1ஐ ஒத்திருந்தது, அதன் வேலையைச் செய்தது. ஆனால் நொதி வெட்டும் அந்த இரண்டாவது இடத்தில், நம்முடையதில் அலனின் இருக்க, பல்லியினுடையதில் கிளைசின் இருந்தது. ஓரிடத்து மாற்றம், கத்தரி அங்கே நுழையவில்லை. நிமிடக் கணக்கில் அழிந்தது மணிக்கணக்கில் நின்றது.

மாணவர்களே, இந்த இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். சாவிக்கு இரண்டாவது பல் சற்று வேறாக இருந்ததனால் பூட்டும் திறந்தது, சாவியும் தேயவில்லை. வேதியியல் வகுப்பில் 'இந்தச் சிறு வேற்றுமையை எதற்காக நெட்டுருப் போட வேண்டும்?' என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் இனிமேல் சொல்லக்கூடிய விடை இதுதான்; பணி ஓய்வுக்குப் பின் கிடைத்துவிட்டதே என்றுதான் வருத்தம்.

எங் பணியாற்றிய நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற முன்வரவில்லை. படைவீரர்களின் நோய்க்கே உரிய கண்டுபிடிப்பாக அது அவர்களுக்குப் படவில்லை. எனவே அவரே தம் பெயரில் விண்ணப்பித்து 1995இல் உரிமை பெற்றார். பின்னர் ஒரு சிறு நிறுவனம் அதை வாங்கி, பெரு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து ஆராய, 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் 'எக்ஸெனடைடு' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. நாளைக்கு இருமுறை போட வேண்டிய ஊசி அது. அதில் பல்லியின் நஞ்சு ஒரு துளியும் இல்லை. பல்லியிடம் கண்ட அமைப்பை ஆய்வுக்கூடத்தில் இரசாயன முறையில் கட்டுகிறார்கள்.

இனி என் மாணவனின் சீட்டுக்கு வருவோம். அவனுக்கு எழுதப்பட்டது எக்ஸெனடைடும் அன்று, செமாகுளுடைடு. அது மனிதனுடைய ஜி.எல்.பி.–1ஐயே எடுத்து, நொதி வெட்டும் இடத்தில் ஒரு மாற்றம் செய்து, கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றைக் கோத்து, இரத்தத்திலுள்ள ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் நிற்குமாறு அமைத்த மருந்து. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. அதற்கு முன் 2010இல் வந்த லிராகுளுடைடும் அவ்வாறே மனிதப் புரதத்தின் வழி வந்தது. ஆகவே, அவன் ஊசி பல்லியின் பிள்ளை அன்று. இந்த வகைப் பொருளை மருந்தாக்க முடியும் என்று உலகத்துக்கு முதலில் காட்டிக் கொடுத்தது பல்லி, அவ்வளவே. இதைக் கேட்டதும் அவன் முகம் சற்றுத் தெளிந்தது.

ஆனால் அடுத்த கேள்வியை அவன் விடவில்லை. "சர்க்கரைக்குத்தான் மாத்திரை இருக்கிறதே சார். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று எதற்காகச் சொல்கிறார்கள்? விற்பதற்காகவா?"

இது நல்ல கேள்வி. 2008ஆம் ஆண்டு முதல், புதிய நீரிழிவு மருந்து எதுவாயினும் அது இதயத்துக்குக் கேடு செய்யாது என்று காட்ட வேண்டும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் கேட்டது. கேடில்லை என்று காட்டுவதற்காகத் தொடங்கிய ஆய்வுகளில் நன்மை வெளிப்பட்டது. 2016இல் வெளிவந்த லிராகுளுடைடு ஆய்வில் 9,340 பேர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு இவற்றுள் ஒன்று நேர்ந்தவர்கள், மருந்தில்லாத ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 14.9 பேர், மருந்து பெற்றோரில் 13.0 பேர். 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 17,604 பேரைக் கொண்டது. அவர்கள் இதய நோயும் மிகை எடையும் உடையவர்கள். ஆனால் நீரிழிவு இல்லாதவர்கள். அவர்களுக்கும் செமாகுளுடைடு இத்தகைய விபத்துகளை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 2024இல் நீரிழிவோடு சிறுநீரக நோயும் உடைய 3,533 பேரிடம் செய்த ஆய்வில், சிறுநீரகம் பழுதாவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ சாவு நேர்வது ஆகியவற்றின் தொகை 24 விழுக்காடு குறைந்தது.

இங்கே கணக்கு வாத்தியாராக ஒரு சொல். 'ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது' என்றால் ஐந்து பேரில் ஒருவர் பிழைத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு 8.0 ஆக இருந்தது 6.5 ஆயிற்று. எட்டில் ஒன்றரை என்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, சரிதான். ஆனால் நூறு பேர் மூன்று ஆண்டுக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டால் ஒருவரோ இருவரோ விபத்திலிருந்து தப்புகிறார்கள் என்பதே நேரான பொருள். ஊருக்கு அது சிறிய நன்மையன்று. விளம்பரத்தில் வரும்போது மட்டும் முதல் கணக்கு வரும், இரண்டாவது கணக்கு வராது.

மேலும், எல்லா ஆய்வும் வெற்றி பெறவில்லை. பல்லி மருந்தாகிய எக்ஸெனடைடையே வாரம் ஒருமுறை கொடுத்து 14,752 பேரிடம் செய்த ஆய்வு 2017இல் வந்தது. இதயத்துக்குத் தீங்கில்லை என்று அது காட்டியது. நன்மை உண்டு என்று உறுதியாகக் காட்டவில்லை. அதே ஆண்டில் கைகால் நடுக்கும் பார்கின்ஸன் நோய்க்கு இம்மருந்து உதவலாம் என்று இலண்டன் நகரில் 62 பேரிடம் செய்த சிறு ஆய்வு நம்பிக்கை ஊட்டியது. பலர் மகிழ்ந்தார்கள். 2025இல் 194 பேரிடம் இரண்டு ஆண்டளவு செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடே காணப்படவில்லை. அந்த ஆய்வைச் செய்து, தாம் விரும்பியதற்கு மாறான முடிவை அப்படியே வெளியிட்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

நஞ்சு மருந்தான கதை நீரிழிவு நோயாளிகளுக்கு இது முதல்முறையும் அன்று. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் விரியன் கடித்தவர்கள் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்குவதுண்டு. அதன் நஞ்சிலிருந்து ஃபெரேரா என்னும் பிரேசில் விஞ்ஞானி 1965இல் ஒரு பொருளைக் கண்டறிந்து, இலண்டனில் ஜான் வேன் என்பாரிடம் கொண்டு சென்றார். அதை வழியாகக் கொண்டு அமெரிக்காவில் ஆன்டெட்டி, குஷ்மன் என்னும் இருவர் 'காப்டோப்ரில்' என்னும் மாத்திரையை அமைத்தார்கள். 1981இல் அது இரத்த அழுத்தத்துக்கு அனுமதி பெற்றது. 1993இல் அதையே நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்ட 409 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் கெடும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் எனலாப்ரில் அந்த மாத்திரையின் வழித்தோன்றல். என் மாணவன் ஐந்து ஆண்டுகளாக அதை விழுங்கிவருகிறான். பாம்பு என்று எவரும் சொல்லாததால் அச்சமின்றி விழுங்கினான்!

இதைக் கேட்டு எவரும் உடும்பைத் தேடிச் செல்ல வேண்டாம். சாலையோரத்தில் உடும்புத் தைலம் என்று கூவி விற்கிறார்கள். அதில் இந்த மருந்தும் இல்லை, எந்த மருந்தும் இல்லை. உடும்பு சட்டத்தால் காக்கப்பட்ட பிராணி. நஞ்சை முறையாக எடுப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலிக்குச் செல்லுங்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர் மக்கள், நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து செய்ய அந்த நஞ்சு வேண்டும். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

என் மாணவனிடம் ஊசியின் குறைகளையும் மறைக்கவில்லை. முதல் வாரங்களில் குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி ஆகியவையும் உண்டு. கொழுப்போடு தசையும் ஓரளவு கரையும். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். விலையோ அவன் வருவாய்க்கு மிகுதி. இம்மருந்துகளை 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, பருமனும் உடையவர்களுக்கென்றே சேர்த்தது. விலை குறைய வேண்டும் என்றும் அப்போதே சொன்னது. கல்லூரி மாணவர்கள் சிலர் உடல் மெலிவதற்காகத் தாமாகவே இதை வாங்கிப் போட்டுக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குச் சொல்கிறது. அத்தனை பேருக்கும் வாரந்தோறும் ஊசி என்பது நடக்கிற காரியமன்று. பழைய மாத்திரையும், அளவான சோறும், நடையுமே பெரும்பாலோருக்கு முதல் வைத்தியம். அம்மாத்திரைகளை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று அரசாங்கமே வீடு தேடிக் கொடுத்துவருகிறது. இன்னொன்றையும் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு இந்தியாவில் முதன்முதலாக 1948இல் எங்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் எம். விசுவநாதனால் தொடங்கப்பட்டது. பின்னர் 1954இல் அவரே இராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியையும் நிறுவினார். வலை பின்னுவோரும் மூட்டை சுமப்போரும் வாழும் இடத்தில், செல்வர் நோய் என்று கருதப்பட்ட ஒன்றுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று அன்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். இன்று எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவரேனும் சர்க்கரைக்காரர்.

அவன் மறுவாரம் ஊசியை வாங்கினான். பணத்துக்குத் தேநீரையும் புகையிலையையும் நிறுத்தினான். புகையிலையை நிறுத்தியதால் வந்த நன்மையை எந்த ஊசியின் கணக்கிலும் எழுத முடியாது என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அளவைக் கூட்டிய மாதத்தில் வாந்தி மிகுந்து இரண்டு நாள் லாரி ஓட்ட முடியாமல் படுத்துவிட்டான். டாக்டர் பழைய அளவுக்கே திரும்பச் சொன்னார். இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அடுத்த மாதம். "நீங்களும் வாருங்கள் சார், அந்தக் காகிதத்தை நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்" என்கிறான். போகத்தான் போகிறேன்.